பிக்அப்பில் எந்த வேரியன்ட்? மேலே ஏற ஏறக் குறையும் சங்கதிகள்

கேள்வி இதுதான்: நான்கு கதவு பிக்அப் ஒன்று புதிதாக வாங்குவது என்று முடிவாகிவிட்டது. அதே வண்டி நாலைந்து வேரியன்ட்டில் கிடைக்கிறது. வார நாளில் சரக்கு ஏற்ற வேண்டும், விடுமுறையில் குடும்பத்தோடு ட்ரெய்லர் இழுக்க வேண்டும். பேஸ் மாடல் போதுமா, நடுவில் நிற்கலாமா, விற்பனையாளர் சொல்கிறபடி டாப் எண்டுக்கே போய்விடலாமா?

வேரியன்ட்டின் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் கேபின் அளவு, பின்னாலுள்ள சரக்குத் தொட்டியின் நீளம், இன்ஜின், பின் ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற, இன்ஜின் பக்கமிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றும் என்ற எண்), நான்கு சக்கர இழுவை வேண்டுமா வேண்டாமா என்ற ஐந்தையும் முடிவு செய்யுங்கள். இவை ஐந்தும் ஒன்றாகக் கிடைக்கிற வேரியன்ட்டுகளில் ஆகக் கீழே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வெளிக் கடையில் மாட்டவே முடியாத வசதி ஏதாவது தேவைப்பட்டால் அதற்காக மட்டும் ஒரு படி ஏறுங்கள்.

கார் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த வரிசை விசித்திரமாகப் படலாம். காரில் டாப் எண்ட் என்றால் பேஸ் மாடலில் உள்ளதெல்லாம் இருக்கும், மேலே இன்னும் கொஞ்சம் இருக்கும். இழப்பு பணம் மட்டும்தான். பிக்அப்பில் மேலே ஏற ஏறச் சில சங்கதிகள் குறையும். முதலில் அடிபடுவது, எதற்காகப் பிக்அப் வாங்குகிறோமோ அந்தச் சுமை தாங்கும் திறன்.

காரணம் எளிது. வண்டி, ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஓர் உச்ச எடையைத் தயாரிப்பாளர் நிர்ணயிக்கிறார். சேஸிஸ், ஆக்ஸில், ஸ்பிரிங், பிரேக், டயர் ஆகியவற்றைப் பொறுத்தது அது. ஒரே கேபின், ஒரே இன்ஜின் என்றால் பெரும்பாலும் பேஸுக்கும் டாப்புக்கும் அந்த எண் ஒன்றாகவோ கிட்டத்தட்ட ஒன்றாகவோ இருக்கும். அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. பனோரமிக் கூரை, மோட்டார் வைத்த சீட்டுகள், 20 அங்குல ரிம், தானாக இறங்கும் படிக்கட்டு, தடித்த ஒலித்தடுப்பு என ஒவ்வொன்றும் அந்தக் கழித்தலில்தான் போய்ச் சேரும். பெரிய பிக்அப்களில் பேஸுக்கும் டாப் எண்டுக்கும் நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம்.

விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் சுமைத் திறன் உங்கள் வண்டியுடையது அல்ல. அந்த எண் பெரும்பாலும் இரண்டு கதவு கேபின், இரு சக்கர இழுவை, பேஸ் மாடல், கூடவே சுமைக்கான தனிப் பேக்கேஜ் சேர்ந்த கலவைக்குரியது. நிஜ எண் வேண்டுமென்றால் ஷோரூமில் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். வட அமெரிக்காவில் விற்கப்படும் வண்டிகளில் டயர் அழுத்தம் எழுதிய ஸ்டிக்கரிலேயே ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். ஐரோப்பிய விதிப்படி வரும் வண்டியில் தகட்டில் நான்கு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்: மொத்த எடை, ட்ரெய்லருடன் சேர்ந்த மொத்த எடை, முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில். அங்கே முதல் எண்ணிலிருந்து அந்த வேரியன்ட்டின் காலி எடையைக் கழிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாப் எண்ட் ஒன்றின் ஸ்டிக்கரில் 640 கிலோ என்றிருக்கிறது. பெரியவர்கள் நான்கு பேர், தலைக்கு 80 கிலோ, ஆக 320. மீதி 320. தொட்டிக்கு மேல் கடின மூடி 40 கிலோ, கருவிகளோடு டூல் பாக்ஸ் 70 கிலோ. மீதி 210. இப்போது 2,500 கிலோ ட்ரெய்லரை மாட்டுகிறீர்கள். சாதாரண ட்ரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் கீழ்நோக்கி அழுத்தும். குறைந்தபட்சமாக 10 என்று வைத்தாலும் 250 கிலோ. வரம்பை 40 கிலோ தாண்டியாயிற்று. கொக்கியின் எடையும் பெட்டி படுக்கையும் இன்னும் கணக்கில் வரவேயில்லை. அதே வண்டியின் விளம்பரத்தில் 4,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. ஆனால் இழுவைத் திறன் தீருவதற்கு வெகு முன்பே சுமைத் திறன் தீர்ந்துவிடுகிறது. பிக்அப் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான்.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? பின்பக்கம் உட்கார்ந்து முன் சக்கரங்களின் பிடி குறையும். ஸ்டியரிங் லேசாகிவிடும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பின் டயர்கள் சூடேறும். இதற்கு ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை, துணை ஸ்பிரிங் என்று வெளியே மாட்டுவார்கள். அவை பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், பார்க்க வண்டி மட்டமாகத் தெரியும். ஆக்ஸிலும் டயரும் பிரேக்கும் பழையவையே, ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் மாறாது.

சாகச வேரியன்ட்டுகள் தனி ரகம். ஃபோர்டு ரேஞ்சரை எடுத்துக்கொண்டால், சாதாரண டபுள் கேப் வண்டிகள் பல சந்தைகளில் 3,500 கிலோ வரை இழுக்கும். அதே குடும்பத்தில் விலையில் உச்சியில் இருக்கும் ராப்டர் 2,500 கிலோதான். குறை ஒன்றுமில்லை, வேலை வேறு: பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங், நீண்ட அசைவுள்ள ஷாக் அப்சார்பர், மேடு பள்ளத்தில் வேகமாகப் போவதற்கான அமைப்பு. சிமென்ட் மூட்டை ஏற்றுபவருக்கு அது தேவையில்லாத வண்டி.

பெயரை வைத்து ஊகிப்பதில் இன்னொரு வழுக்கல் உண்டு. டொயோட்டா டகோமாவின் மூன்றாம் தலைமுறையில் டிஆர்டி ஸ்போர்ட், டிஆர்டி ஆஃப்ரோடு என்று விலையில் அருகருகே இரண்டு இருந்தன. ஸ்போர்ட்டின் பானட்டில் காற்று வாங்கும் வாய் போல ஒரு திறப்பு. அது வெறும் அலங்காரம், இன்ஜினுக்கு ஒரு மூச்சுக் காற்றுகூட அதன் வழியே போகாது. சேற்றில் நிஜமாகவே கைகொடுக்கும் பின் டிஃபரென்ஷியல் லாக் (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) ஆஃப்ரோடில் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பாகம் ஒன்றில், வேலை செய்கிற பாகம் இன்னொன்றில். அதனால் பெயரையும் ஸ்டிக்கர் அலங்காரத்தையும் விட்டுவிட்டு வசதிப் பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

ஆக்ஸில் விகிதம் பற்றி ஷோரூமில் யாரும் தாமாகப் பேச மாட்டார்கள். 3.31, 3.55, 3.73, 4.10 போன்ற எண்கள் அவை. எண் கூடினால் இழுக்கும் பலம் கூடும், அதே கியரில் இன்ஜின் வேகமாகவும் சுற்றும். 3.31 வைத்த வண்டி நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 1,600 சுற்றில் போகிறதென்றால், அதே வேகத்தில் அதே கியரில் 3.73 வைத்தது ஏறக்குறைய 1,800 சுற்றில் போகும். சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 13 சதவீதம் கூடுதல். எட்டு, பத்து கியர் ஆட்டோமேட்டிக் வந்தபின் இந்த வித்தியாசம் முன்போல் அவ்வளவாகத் தெரிவதில்லை என்றாலும், ஒரே இன்ஜினுக்கு இழுவை வரம்பு ஆயிரம் கிலோவுக்கு மேல் மாறுவதற்கு இந்த ஓர் எண்ணே காரணமாவது உண்டு. பிற்பாடு மாற்றலாமா என்றால், டிஃபரென்ஷியலைப் பிரித்து கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களையும் மாற்ற வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன்னாலும் அதே வேலை. முன்னும் பின்னும் விகிதம் பொருந்தாவிட்டால் வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டும். தொழிற்சாலையிலிருந்தே சரியான எண்ணோடு வாங்கிவிடுவதுதான் மலிவு.

டிஃபரென்ஷியல் லாக்கும் அப்படியே. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றினால் மறு சக்கரத்துக்கும் விசை போகாது. டிராக்ஷன் கன்ட்ரோல் சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து ஓரளவு சமாளிக்கும். ஈரப் புல்லில் ட்ரெய்லரைப் பின்னால் தள்ளுவது, படகை நீரிலிருந்து சரிவில் இழுப்பது போன்ற வேலைகள் அடிக்கடி உண்டென்றால் லாக் உள்ள வேரியன்ட்டைத் தேடுங்கள், அல்லது தனி ஆப்ஷனாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பேஸ் மாடலிலேயே ஆப்ஷனாகக் கொடுக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு.

நான்கு சக்கர இழுவையில் ஒரு நுணுக்கம். கீழ் வேரியன்ட்டுகளில் வருவது பெரும்பாலும் பார்ட் டைம் வகை, அதாவது தேவைப்படும்போது மட்டும் நாமே போட்டுக்கொள்வது. அதை உலர்ந்த தார்ச் சாலையில் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும், நடுவில் அதற்கு இடம் கொடுக்க எதுவும் இல்லாததால், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும். சில தயாரிப்பாளர்கள் மேல் வேரியன்ட்டில் மட்டும், தேவைப்பட்டால் தானே முன் சக்கரத்துக்கு விசை அனுப்பும் ஆட்டோ நிலையைத் தருகிறார்கள். மழையும் காய்ந்த சாலையும் மாறி மாறி வரும் பாதையில் தினமும் ஓட்டுபவருக்கு, படி ஏறுவதற்கு இது நியாயமான காரணம். தோல் சீட் அப்படியல்ல.

அடுத்து ரிம்மும் டயரும். மேல் வேரியன்ட் என்றால் பெரிய ரிம், அதனால் டயரின் பக்கச் சுவர் மெலியும். 275/65 ஆர்18 டயரில் சுவரின் உயரம் 179 மில்லிமீட்டர். 275/55 ஆர்20இல் 151. 275/50 ஆர்22இல் 137 அல்லது 138. வெளி விட்டம் அதிகம் மாறாமல், குழியில் விழும்போது அமுங்கிக் கொடுக்கும் ரப்பர் மட்டும் நாலு சென்டிமீட்டர் போய்விடுகிறது. கல் குத்தி ரிம் வளைவது, சுவர் வீங்குவது எல்லாம் பெரிய ரிம்மில் அதிகம். மாற்று டயரும் விலை கூடுதல், சின்ன ஊர்களில் கையிருப்பும் குறைவு. கரடுமுரடான பாதை உங்கள் தினசரி என்றால் 17, 18 அங்குலத்தில் நிற்பது நல்லது. டயரின் சுமைக் குறியீட்டையும் கவனியுங்கள்: 112 என்றால் ஒரு டயருக்கு 1,120 கிலோ, 116 என்றால் 1,250. பிற்பாடு அழகுக்காக வேறு டயர் போடும்போது இந்த எண் குறையக்கூடாது.

கேபினும் தொட்டியும் வேரியன்ட்டோடு பின்னிப் பிணைந்தவை. பெரிய பிக்அப்களில் தொட்டி ஏறக்குறைய 1.7, 2.0, 2.4 மீட்டர் என மூன்று நீளங்களில் வரும். டாப் எண்டுக்குப் போனால் நான்கு கதவு கேபினும் குட்டைத் தொட்டியும் மட்டும்தான் என்று பல தயாரிப்பாளர்கள் கட்டிவிடுகிறார்கள். பிளைவுட் பலகை 1,220க்கு 2,440 மில்லிமீட்டர். குட்டைத் தொட்டியில் அதை ஏற்றினால் பின்கதவைக் கீழே இறக்கி வைத்தாலும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அகலத்தை இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே டேப் வைத்து அளக்க வேண்டும். பெரிய பிக்அப்பில் 1,220 தாராளமாகப் படுக்கும். நடுத்தர அளவு வண்டிகள் பலவற்றில் அந்த இடைவெளி அதைவிடக் குறைவு, பலகை மேடுகளின் மேல்தான் உட்காரும், அடியில் பாதித் தொட்டி வீண். ஷோரூமுக்குப் போகும்போது டேப்பைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி, வெளியே மாட்ட முடிந்ததும் முடியாததும். தொட்டி உறை, மூடி, தரை மேட், பக்கப் படி, சீட் கவர், தொட்டி விளக்கு, நல்ல ஷாக் அப்சார்பர், டயர் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் தொழிற்சாலை விலையைவிடக் குறைவாகவே. ட்ரெய்லர் கொக்கியையும் மாட்டலாம். ஆனால் ட்ரெய்லர் இழுக்கத் தொழிற்சாலையே தரும் டோ பேக்கேஜில் கொக்கி என்பது சின்ன விஷயம். கியர் ஆயிலுக்குத் தனிக் கூலர், பெரிய ரேடியேட்டர், ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், அதற்கேற்ற வயரிங், சில வண்டிகளில் வேறு ஆக்ஸில் விகிதம், இவைதான் அதன் சாரம். வெறும் கொக்கியை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் 2,500 கிலோவை இழுத்தால் முதலில் அளவு மீறிச் சூடேறுவது கியர்பாக்ஸ் ஆயில். பேக்கேஜின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் உள்ளடக்கம் மாறும், ஆகவே பாகங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே மாட்ட முடியாத, அல்லது மாட்டினால் ஒழுங்காக வேலை செய்யாத மற்றவை: பிளைண்ட் ஸ்பாட் ரேடார், முன் வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோல், 360 டிகிரி கேமரா, தொட்டியில் மின் இணைப்பு. இந்தக் கடைசி விஷயத்துக்காக ஒரு படி ஏறுவதில் தவறில்லை. ஃபோர்டு எஃப்-150 ஹைப்ரிடில் 7.2 கிலோவாட் வரை வண்டியிலிருந்தே எடுக்கலாம். கட்டட வேலையில் தனி ஜெனரேட்டர் சுமப்பவருக்கு அது கணக்கையே மாற்றிவிடும்.

பேஸ் மாடலை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். ரப்பர் போன்ற வினைல் தரையும் வினைல் சீட்டும் கொண்ட வேலை வண்டியில் சேற்றுக் காலோடு ஏறலாம், மாலையில் ஈரத் துணியால் துடைத்தால் தீர்ந்தது. கார்பெட் போட்ட மேல் வேரியன்ட்டில் ஒரு முறை சிமென்ட் தூசியும் தண்ணீரும் சேர்ந்தால் அந்தக் கறை வண்டி இருக்கும்வரை இருக்கும். ஆனால் பல வண்டிகளின் பேஸில் சத்தமில்லாமல் வெட்டப்படும் விஷயங்கள் உண்டு, அவற்றை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சீட் உயரத்தைச் சரிசெய்ய முடியாது. ஸ்டியரிங் மேலும் கீழும் அசையும், முன்னும் பின்னும் வராது. ஹெட்லைட் ஹாலஜனாக இருக்கும். தொட்டியின் பின்கதவு சென்ட்ரல் லாக்கில் சேராது. நாளைக்கு மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பது, எந்தத் திரையின் அகலத்தையும்விட முக்கியம். இதற்காகப் பேஸிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவது, பெரும்பாலும் மொத்த ஏணியிலும் அதிக மதிப்புள்ள ஏற்றம்.

டாப் எண்டின் செலவு வாங்கும் நாளோடு முடிவதில்லை. பனோரமிக் கூரையின் மூலைகளில் மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் இருக்கும். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் தூண் வழியாகக் கால்மிதிக்கு இறங்கும், வயரிங்கை நனைக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். தானாக இறங்கும் படியின் கீல்களில் சேறு காய்ந்தால் மோட்டார் திணறும். எல்இடி ஹெட்லைட் உடைந்தால் பல்பு மட்டும் மாற்ற முடியாது, முழு விளக்கும் போகும். பக்கக் கண்ணாடியில் கேமரா, ஹீட்டர், எச்சரிக்கை விளக்கு எல்லாம் இருந்தால் ஒரு குறுகிய கேட்டில் உரசியதற்கே பெரிய பில். முன் கண்ணாடி மாற்றினால் அதன் பின்னாலிருக்கும் கேமராவுக்குக் காலிபரேஷன் செய்ய வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் சொகுசுதான், வயதானால் பைகளும் கம்ப்ரஸரும் கேட்கும்.

விலையை ஒப்பிடும்போது ஒரு தாளில் அடுத்தடுத்த இரண்டு வேரியன்ட்டை எழுதுங்கள். மேலே உள்ளதில் கூடுதலாக வரும் ஒவ்வொரு வசதிக்கும் எதிரே, தனியாக விற்றால் இதை வாங்குவேனா என்று கேளுங்கள். வாங்குவேன் என்பவற்றின் தனி விலையை மட்டும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை இரண்டு வேரியன்ட்டின் விலை வித்தியாசத்தில் பாதியைக்கூடத் தொடவில்லையென்றால் கீழேயே நில்லுங்கள். பேக்கேஜ் சங்கிலியையும் கவனியுங்கள்: டோ பேக்கேஜ் வேண்டுமென்றால் வசதி பேக்கேஜ் எடுக்க வேண்டும், அதற்குப் பெரிய ரிம் எடுக்க வேண்டும் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும். கீழ் வேரியன்ட்டில் பேக்கேஜாக ஏற்றி ஏற்றி மேல் வேரியன்ட்டின் விலைக்கே வந்து நின்றால், மேலே போவதே சரி. மறுவிற்பனையில் நடு வேரியன்ட் சுலபமாகக் கைமாறும். டாப் எண்டில் கொட்டிய கூடுதல் பணம் அதே விகிதத்தில் திரும்பி வராது.

கேள்வியில் சொன்ன பயன்பாட்டுக்கு, அதாவது சரக்கும் குடும்பமும் ட்ரெய்லரும் கலந்ததற்கு, பேஸுக்கு அடுத்த படி, 18 அங்குல ரிம், தொழிற்சாலை டோ பேக்கேஜ், இருப்பதில் பெரிய ஆக்ஸில் எண், பனோரமிக் கூரை வேண்டாம். ஸ்டிக்கரில் 750 கிலோவுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே போட்ட கணக்கில் வரும் எல்லாவற்றையும் ஏற்றினாலும் அப்போது பெட்டிகளுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ட்ரெய்லரே இல்லை, நகர ஓட்டம்தான் என்றால் டாப் எண்டை ஆசைக்காக வாங்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

டெலிவரி நாளில் மீதிப் பணம் கட்டுமுன் மூன்றைச் சரிபாருங்கள். கதவோர ஸ்டிக்கரின் சுமை எண் நீங்கள் பார்த்த வண்டியினுடையதோடு ஒத்துப்போகிறதா. ஆக்ஸில் குறியீடு நீங்கள் கேட்ட விகிதத்துக்குரியதா; இது தகட்டிலோ தயாரிப்புப் பட்டியலிலோ இருக்கும். மூன்றாவது, தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி. சில வேரியன்ட்டுகளில் அது மற்ற நான்கை விடச் சின்னது. விட்டம் வேறுபட்ட சக்கரத்தை மாட்டிக்கொண்டு நான்கு சக்கர இழுவையில் ஓட்டினால் டிஃபரென்ஷியல் தாங்காது. குனிந்து, பக்கச் சுவரில் உள்ள அளவை டார்ச் அடித்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.